மறுப்புக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள்

வாசகர் கேள்வி:

வட கரோலினாவில், ராலேயிலிருந்து அரை மணி நேரப் பயணத் தூரத்தில் வாடகை அபார்ட்மெண்டில் இருக்கிறோம். என் அண்ணன் ஸ்பான்சர் செய்து 2018ல் க்ரீன் கார்டுடன் வந்தோம். கணவர் வேர்ஹவுஸில் வேலை பார்க்கிறார், மணிக்கு 22 டாலர். எட்டு மாதமாக மாலையில் உணவு டெலிவரியும் செய்கிறார். நான் டே கேரில் உதவியாளர், மணிக்கு 16 டாலர், வாரம் 30 மணி நேரம். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பதில் மாதம் 400 டாலர் போலக் கைக்கு வரும். வாடகை 1,650. பேங்கில் சேர்த்தது 9,000 டாலர். தோழிகளோடு போட்ட சீட்டை எடுத்ததில் 12,000 டாலர் ரொக்கமாக வந்தது, அதையும் போன மாதம் கணக்கில் போட்டோம். 245,000 டாலர் விலையில் ஒரு டவுன்ஹவுஸ் பார்த்து லோனுக்கு அப்ளை செய்தோம். பேங்க் மறுத்துவிட்டது. "நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் வீடு கிடையாது, விடு" என்கிறார் கணவர். அண்ணன் ஐ.டி.யில் நல்ல நிலையில் இருக்கிறார். "என் பெயரில் லோன் வாங்குகிறேன், தவணையை நீங்கள் கட்டுங்கள்" என்கிறார். ஜூனில் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த பேங்க் மறுப்புக் கடிதத்தின் நகலை மூன்று முறை படித்தேன். அதில் இரண்டே காரணங்கள்தான் இருக்கின்றன. ஒன்று, வருமானத்தோடு ஒப்பிட்டால் கடன் சுமை அதிகம். இரண்டு, கணக்கில் உள்ள பணம் எங்கிருந்து வந்தது என்று உறுதி செய்ய முடியவில்லை. உங்கள் வருமானம் போதாது என்றோ, நீங்கள் பார்க்கும் வேலைகளுக்கு லோன் கிடையாது என்றோ அதில் ஓரிடத்தில்கூட இல்லை. இதை முதலில் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதம் பேங்க் மனமிரங்கி அனுப்பியதல்ல. சமக் கடன் வாய்ப்புச் சட்டம் என்று 1974ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. லோன் மறுத்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், எதற்காக மறுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. வீட்டுக்கடன் ஆலோசகராக என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கடிதத்தை முதல் வரியோடு மடித்து வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "வருந்துகிறோம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதோ அதற்குக் கீழேதான் இருக்கிறது.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். லோன் அதிகாரிகள் இதை டி.டி.ஐ. என்பார்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் கடன்களுக்குப் போகிறது என்ற கணக்கு அது. கணவருக்கு மணிக்கு 22 டாலர், வாரம் 40 மணி நேரம் என்றால் மாதம் 3,813. உங்களுக்கு 2,080. மொத்தம் 5,893. டெலிவரி வருமானத்தையும் தையல் வருமானத்தையும் பேங்க் சேர்க்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி வீட்டுக்கு ஆகும் மாதச் செலவு. 3 சதவீதம் டவுன் பேமெண்ட் போக லோன் 237,650. 6.5 சதவீத வட்டி, 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் தவணை 1,502 வரும். நம்மவர்கள் பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டு, "வாடகையைவிடக் குறைவாக இருக்கிறதே!" என்று மகிழ்ந்துபோகிறார்கள். சொத்து வரி சுமார் 184, வீட்டு இன்சூரன்ஸ் 100, டவுன்ஹவுஸ் சங்கக் கட்டணம் 150, டவுன் பேமெண்ட் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பதால் லோன் இன்சூரன்ஸ் சுமார் 119, எல்லாவற்றையும் சேர்த்தால் 2,055. இந்தத் தொகையைத்தான் பேங்க் பார்க்கிறது. உங்கள் வருமானத்தில் இது 35 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தாங்கக்கூடியதுதான்.

அப்படியென்றால் எங்கே இடித்தது? பேங்க் போட்ட கடன் பட்டியலில் மூன்று வரிகள் இருக்கின்றன. உங்கள் கார் தவணை 480. கிரெடிட் கார்டின் குறைந்தபட்சக் கட்டணம் 90. மூன்றாவதாக இன்னொரு கார், மாதம் 390. அந்தக் காரைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லாததால்தான் திரும்ப எழுதிக் கேட்டேன். கணவர் தன் நண்பருக்காகக் கோ-சைன் செய்தது என்றும், "அவர்தான் ஒழுங்காகக் கட்டுகிறாரே, அது எப்படி எங்கள் கடனாகும்?" என்றும் பதில் எழுதினீர்கள்.

கோ-சைன் என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல. நண்பர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று உங்கள் கணவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே பேங்க் கணக்கில் அது அவருடைய கடன்தான். மூன்றையும் வீட்டுச் செலவோடு கூட்டினால் 3,015, அதாவது 51 சதவீதம். பேங்குகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேன்னி மே என்ற நிறுவனத்தின் விதிப்படி தரும் சாதாரண லோன்களில், கம்ப்யூட்டர் வழி பரிசீலனைக்கு 50 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஒரு சதவீதத்தில் வழுக்கியிருக்கிறீர்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கோ-சைன் செய்த கடனை, கடந்த 12 மாதங்களும் நண்பர் தன் சொந்தக் கணக்கிலிருந்தே தாமதமில்லாமல் கட்டியிருக்கிறார் என்று ஆவணம் காட்டினால், உங்கள் சுமையிலிருந்து நீக்கிவிடலாம். நண்பர் 14 மாதமாகக் கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பேங்க் ஸ்டேட்மெண்டில் அந்தத் தவணை போன 12 மாதப் பதிவுகள் வேண்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். கூச்சப்படாதீர்கள். அவர் கார் ஓட்டுவதற்கு உங்கள் கணவரின் கையெழுத்து உதவியது, உங்கள் வீட்டுக்கு அவருடைய ஸ்டேட்மெண்ட் உதவட்டும். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மாதம் அவர் உங்களிடம் பணத்தைக் கொடுத்து, நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அந்த மாதம் செல்லாது. அதற்குப் பிறகு 12 மாதம் ஆக வேண்டும்.

அந்த 390 போனால் சுமை 44.5 சதவீதமாக இறங்குகிறது.

கிரெடிட் கார்டுக்கு வருவோம். 3,000 டாலர் வரம்புள்ள கார்டில் 2,700 நிலுவை. மாதாமாதம் தவறாமல் கட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்துக்கான மதிப்பெண் போடும் கணக்கு, தவறாமல் கட்டுவதோடு வரம்பில் எத்தனை பங்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. 90 சதவீதம் என்பது மூச்சுமுட்டும் அளவு. கணவரின் ஸ்கோர் 668ல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். சேமிப்பிலிருந்து 2,450 எடுத்துக் கட்டி நிலுவையை 250க்குக் கொண்டுவாருங்கள். டவுன் பேமெண்டுக்கு வைத்த பணத்தைத் தொடச் சொல்கிறாரே என்று தோன்றும். மாதக் கட்டணம் குறையும், சுமை 43 சதவீதத்தை ஒட்டி வரும், ஒன்றிரண்டு மாதத்தில் ஸ்கோரும் ஏறும், ஸ்கோர் ஏறினால் வட்டியும் லோன் இன்சூரன்ஸும் இறங்கும். அந்த 2,450 டாலர் டவுன் பேமெண்டில் செய்வதைவிட இங்கே அதிகம் செய்யும். கட்டி முடித்த வேகத்தில் கார்டை மூடிவிடாதீர்கள். வரம்பும் பழைய வரலாறும்தான் ஸ்கோருக்குத் துணை.

உங்களுக்கு ஸ்கோரே இல்லை, எல்லாம் கணவர் பெயரில் இருக்கிறது. நம் வீடுகளில் இது வழக்கம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு உங்கள் 2,080 டாலர் வேண்டும், அதனால் நீங்களும் லோனில் இருந்தாக வேண்டும். ஸ்கோர் இல்லாதவருக்கு, வாடகை, மின்சாரம், போன் போன்றவற்றை 12 மாதம் தவறாமல் கட்டியதைக் காட்டி மாற்று வழியில் மதிப்பிட விதி இருக்கிறது. நிலுவையைக் குறைத்த பிறகு, கணவரின் கார்டில் உங்களையும் கூடுதல் பயனாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகையை ரொக்கமாகவோ மணி ஆர்டரிலோ கொடுக்கிறீர்கள் என்றால் அடுத்த மாதம் முதல் பேங்க் கணக்கு வழியாகக் கொடுங்கள். கணக்கில் பதிவாகும் வாடகையை ஃபேன்னி மேயின் பரிசீலனை முறை 2021லிருந்து உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது காரணம், சீட்டுப் பணம்.

இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பத்துப் பெண்கள் சேர்ந்து, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி, ஒரு நாளும் தவறாமல் கட்டிய பணம். அதைவிட நேர்மையான சேமிப்பு எது? ஆனால் பேங்குக்குத் தெரிவது, சம்பளம் மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில் ஒரே நாளில் விழுந்த 12,000 டாலர் ரொக்கம். அது யாரிடமாவது வாங்கிய கைமாற்றாக இருந்தால் அதுவும் ஒரு கடன், அதையும் சுமையில் சேர்த்தாக வேண்டும். அதனால்தான் கேட்கிறார்கள். சாதாரண லோனில், மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் கணக்கில் விழும் எந்தத் தொகைக்கும் விளக்கம் கேட்பது விதி.

பெரும்பாலும் கடைசி இரண்டு மாத ஸ்டேட்மெண்டைத்தான் வாங்குவார்கள். அந்தப் பணம் அசையாமல் கணக்கில் இருந்து, இரண்டு முழு மாத ஸ்டேட்மெண்டுகள் அதற்குப் பிறகு வந்துவிட்டால் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். சீட்டு நோட்டின் நகல், மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து சீட்டுத் தவணைக்கு எடுத்த பணத்தின் பதிவு, சீட்டு நடத்தும் அம்மாவின் கையெழுத்திட்ட கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அடுத்த சீட்டுக்கு எல்லோரும் ஸெல் (பேங்க் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் சேவை) மூலம் அனுப்பி, "சீட்டு, மார்ச் மாதம்" என்று குறிப்பு எழுதும் பழக்கத்தைத் தொடங்கினால் உங்கள் தோழிகளுக்கும் இந்தச் சிக்கல் வராது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் பேங்க் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பும். அது வழக்கமான காகித வேலை, அதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காக இன்று 6,000, அடுத்த வாரம் 6,000 என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம். பணம் முழுக்க நேர்மையாக வந்ததாக இருந்தாலும் பிரித்துப் போட்ட செயலே குற்றமாகிவிடுகிறது. நல்லெண்ணத்தில் யாரோ சொல்லும் இந்த யோசனையைக் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீங்கள் மொத்தமாகப் போட்டதுதான் சரி.

இப்போது உங்கள் அண்ணன்.

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. பல ஆண்டு காத்திருந்து தங்கையைக் கூட்டிவந்தவர். ஆனால் இந்த யோசனையை ஏற்காதீர்கள். தன் பெயரில் லோன் வாங்கும்போது அவர் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இந்த வீட்டில் நீங்கள் குடியிருப்பீர்களா? ஆம் என்று எழுதினால்தான் குறைந்த வட்டியும் குறைந்த டவுன் பேமெண்டும் கிடைக்கும். அது பொய். லோன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் எழுதுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். 30 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் அந்தத் தண்டனை வருகிறது என்று சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அந்த அபாயத்தை அண்ணன் தலையில் வைக்க நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

இல்லை, வாடகைக்கு விட வாங்குகிறேன் என்று அவர் உண்மையைச் சொல்லியே வாங்கினாலும் வீடு அவருடையதுதான். பதினைந்து வருடம் நீங்கள் தவணை கட்டியிருப்பீர்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்காது, உங்கள் கிரெடிட்டில் ஒரு வரியும் ஏறியிருக்காது. நாளை அவருக்கு வேலை போகலாம், வியாபாரத்தில் நஷ்டம் வரலாம், குடும்பத்தில் பிரிவு வரலாம். அப்போது அந்த வீடும் அவருடைய சொத்துக் கணக்கில்தான் வரும். என்னிடம் வந்த ஒரு தம்பதி, ஒன்பது ஆண்டு கட்டிய வீட்டிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. அவர்களுக்கும் அந்த உறவினருக்கும் இடையே எந்தச் சண்டையும் இல்லை. அவருடைய விவாகரத்து வழக்கில் வீட்டை விற்கும்படி ஆனது. காட்டுவதற்கு இவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

அண்ணன் உதவ நேர்வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, உங்களோடு சேர்ந்து லோனில் கையெழுத்திடுவது, நான் அந்த வீட்டில் குடியிருக்க மாட்டேன் என்று உண்மையைச் சொல்லியே. அரசு உத்தரவாதம் உள்ள எஃப்.எச்.ஏ. லோனில் நெருங்கிய உறவினர் இப்படிச் சேரலாம், அதனால் டவுன் பேமெண்டும் அதிகமாகாது. ஆனால் முழுக் கடனும் அவர் கணக்கிலும் ஏறும், அவர் நாளை வேறு வீடு வாங்கும்போது அது குறுக்கே நிற்கும். உங்கள் கணக்கு 43 சதவீதத்துக்கு வந்துவிட்டால் இது தேவைப்படாது. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அவரால் முடிந்த ஒரு தொகையை அன்பளிப்பாகத் தரட்டும். திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும், பணம் அவர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். அவ்வளவுதான். கடிதத்தில் அன்பளிப்பு என்று எழுதிவிட்டு, வாயால் "மெதுவாகத் திருப்பித் தருகிறோம்" என்று பேசிக்கொள்ளாதீர்கள். அதுவும் பொய் விண்ணப்பம்தான்.

இனி லோன் வகைகள். ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு லோன் கொடுப்பது பேங்குகளின் தர்ம காரியம் என்று நினைக்க வேண்டாம். தாங்கள் தொழில் செய்யும் வட்டாரத்தில் குறைந்த, மிதமான வருமானக்காரர்களுக்கும் கடன் போய்ச் சேர்கிறதா என்று பேங்குகளை அளக்கும் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் 1977லிருந்து இருக்கிறது. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் பாதிக்கும் கீழே என்றால் குறைந்த வருமானம், பாதியிலிருந்து 80 சதவீதத்துக்குள் என்றால் மிதமான வருமானம் என்பது அதன் அளவுகோல். இதே 80 சதவீதக் கோட்டை வைத்துத்தான் ஃபேன்னி மேயின் ஹோம் ரெடி, அதைப் போன்ற இன்னொரு நிறுவனமான ஃப்ரெடி மேக்கின் ஹோம் பாஸிபிள் என்ற இரண்டு லோன்கள் வந்திருக்கின்றன. 3 சதவீத டவுன் பேமெண்ட் போதும், லோன் இன்சூரன்ஸும் சற்று மலிவு. வருமானம் அதிகமாகிவிட்டால் இந்த லோன்கள் கிடையாது. உங்களுக்குக் கிடைக்கும். பேங்க் உங்கள் விண்ணப்பத்தை எந்த வகையில் போட்டுப் பார்த்தது என்று கேட்டீர்களா? சாதாரண லோனில் மட்டும் போட்டுப் பார்த்து மறுத்திருக்க வாய்ப்பிருக்கிறது. அடுத்த முறை "ஹோம் ரெடியில் பாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்கிறவருக்குத்தான் கவுண்டரில் பதில் வருகிறது.

எஃப்.எச்.ஏ. என்பது 1934ல் தொடங்கிய அரசு உத்தரவாதம். 580 ஸ்கோர் இருந்தால் 3.5 சதவீத டவுன் பேமெண்ட், உங்கள் வீட்டுக்கு 8,575 டாலர். கடன் சுமையில் அது இன்னும் தாராளமாக இருக்கும். ஆனால் லோன் தொகையில் 1.75 சதவீதத்தைத் தொடக்கத்திலேயே இன்சூரன்ஸாகச் சேர்ப்பார்கள், உங்களுக்கு அது 4,100 டாலரைத் தாண்டும். அதற்கு மேல் மாதாமாதம் ஓர் இன்சூரன்ஸ், 10 சதவீதத்துக்குக் குறைவாக டவுன் பேமெண்ட் போட்டால் லோன் இருக்கும்வரை அது போகாது. ஹோம் ரெடியில், கடன் வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எழுதிக் கேட்டு நீக்கலாம், 78ல் அவர்களே நீக்க வேண்டும் என்று 1998ன் சட்டம் இருக்கிறது. அதனால் முதலில் ஹோம் ரெடி, அது அமையாவிட்டால் எஃப்.எச்.ஏ. என்பது என் கருத்து. ஸ்கோர் ஏறாமல் 660களிலேயே நின்றால் எஃப்.எச்.ஏ. மாதத் தவணை குறைவாக வரவும் கூடும். இரண்டுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

க்ரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு எஃப்.எச்.ஏ. திறந்திருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு 2025 மே 25 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. அவர்கள் சாதாரண லோன் வகைகளைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு உதவி இருக்கிறது. வட கரோலினா வீட்டு நிதி முகமை, முதல் வீடு வாங்குபவர்களுக்கு 15,000 டாலர் தருகிறது. கடந்த மூன்று ஆண்டில் சொந்த வீட்டில் குடியிருக்காதவர் முதல் வீடு வாங்குபவராகவே கருதப்படுவார். இந்தத் தொகை வட்டியில்லாத இரண்டாவது கடன், மாதத் தவணை கிடையாது. 11ஆம் ஆண்டு முடிவிலிருந்து ஆண்டுக்கு 20 சதவீதமாகத் தள்ளுபடியாகி 15 ஆண்டில் முழுதும் தீர்ந்துவிடும். இடையில் விற்றால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். ஸ்கோர் 640 வேண்டும், உங்கள் கணவருக்கு இருக்கிறது. வருமானத்துக்கும் வீட்டு விலைக்கும் வரம்பு உண்டு. அந்த முகமையோடு பதிவு செய்துகொண்ட லெண்டர்கள், அதாவது கடன் தரும் நிறுவனங்கள் வழியாகத்தான் இது கிடைக்கும். நீங்கள் போன பேங்க் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் இதைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

இந்த 15,000 ஏன் முக்கியம் என்றால், கார்டைக் கட்டிய பிறகு உங்கள் கையில் 18,550 இருக்கும். டவுன் பேமெண்ட் 7,350. வீட்டை வாங்கி முடிக்கும்போது ஆகும் க்ளோஸிங் செலவு விலையில் 3 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 7,350. மிச்சம் 3,850. அதை வைத்துக்கொண்டு புது வீட்டுக்குள் போகக் கூடாது. முதல் குளிர்காலத்திலேயே ஹீட்டர் கெட்டால் போய்விடும். உதவித் தொகை வந்தால் சேமிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வட கரோலினாவில் வீட்டுக்கு விலை பேசும்போது விற்பவருக்கு டியூ டிலிஜென்ஸ் கட்டணம் என்று ஒரு தொகை கொடுப்பார்கள், நீங்கள் பின்வாங்கினால் அது திரும்பி வராது. லோன் உறுதியாகும் முன் ஏஜெண்ட் அவசரப்படுத்துகிறார் என்று பெரிய தொகையை எழுதிவிடாதீர்கள்.

டெலிவரி வருமானத்துக்கும் தையல் வருமானத்துக்கும் வருகிறேன். இத்தகைய சுயதொழில் வருமானத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு வரிக் கணக்கு கேட்பார்கள். கணவர் டெலிவரி தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது என்பதால் அது இப்போது உதவாது, விட்டுவிடுங்கள். தையல் பணத்தை இதுவரை வரிக் கணக்கில் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் நின்றாலே கணக்குக் காட்ட வேண்டும். பேங்குக்காக மட்டுமல்ல, ஓய்வுக் காலத்தில் வரும் சோஷியல் செக்யூரிட்டியும் நீங்கள் காட்டிய வருமானத்தைப் பொறுத்துத்தான். பழைய ஆண்டுகளை எப்படிச் சரி செய்வது என்று ஒரு வரி ஆலோசகரிடம் பேசுங்கள். உங்கள் கைத்திறனில் வரும் பணம் காகிதத்தில் ஏறினால், அடுத்த முறை பேங்க் உங்களை வேறு கண்ணோடு பார்க்கும்.

பேங்க் கணக்கில் வராத ஒன்றையும் கேட்க வேண்டும். மாமியாருக்கு மாதம் 250 டாலர் ஊருக்கு அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். அது கடன் அல்ல, டி.டி.ஐ.யில் வராது. ஆனால் உங்கள் கையிலிருந்து போகிறது. அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? 2,055 என்பது இன்றைய வாடகையைவிட 405 அதிகம். இந்த மாதத்திலிருந்தே 405 டாலரைத் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் மூச்சு முட்டாமல் போட முடிந்தால் இந்த வீட்டை உங்களால் தாங்க முடியும், கையில் 2,430 டாலரும் சேர்ந்திருக்கும். மூன்றாம் மாதமே கார்டை நீட்ட வேண்டி வந்தால், பேங்க் சரி என்றாலும் நீங்கள் 220,000 டாலர் வீட்டைப் பாருங்கள்.

மறுபடி அப்ளை செய்யும்போது ஒரே இடத்தில் நிற்காமல் மூன்று லெண்டர்களிடம் கேளுங்கள். ஸ்கோர் இறங்கிவிடும் என்று பயப்படுகிறீர்கள். 45 நாளுக்குள் எத்தனை வீட்டுக்கடன் விசாரணை வந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். குறிப்பிட்ட வீட்டின் முகவரியோடு விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள், லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கத் தாளை ஒவ்வொருவரும் தர வேண்டும். மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், யார் எங்கே கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்று கண்ணுக்கே தெரியும். அதுவரை புதுக் கார், தவணையில் சோபா, யாருக்காகவும் இன்னொரு கோ-சைன், எதுவும் வேண்டாம். கணவர் வேலை மாற நினைத்தால் க்ளோஸிங் முடியட்டும்.

ஜூன் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூனுக்குள் வீடு வாங்கியாக வேண்டும் என்று ஓடாதீர்கள், கார்டும் சீட்டுப் பணமும் சரியாவதற்கு இரண்டு மூன்று மாதம் தேவை. வாடகை அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தம் கிடைக்குமா, அல்லது 60 நாள் முன்னறிவிப்பில் வெளியேற இடம் வைத்து எழுதுவார்களா என்று கேளுங்கள். மாதம் ஐம்பது அறுபது டாலர் கூடுதலாகக் கேட்டாலும் அது வீணில்லை.

இந்த வாரம் ஒரு போன் செய்யுங்கள். 800-569-4287 என்பது மத்திய வீட்டு வசதித் துறையின் எண். உங்கள் பகுதியில் அந்தத் துறை அங்கீகரித்த ஆலோசனை மையங்களைச் சொல்வார்கள். கட்டணம் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். முதல் வீடு வாங்குபவர்களுக்கான வகுப்பும் அங்கேயே நடக்கும். ஹோம் ரெடிக்கு அந்தச் சான்றிதழ் கேட்டால் அதற்கும் ஆகும். போகும்போது இருவரின் கடைசி 30 நாள் சம்பளச் சீட்டு, இரண்டு ஆண்டு டபிள்யூ-2 (வேலை கொடுப்பவர் தரும் ஆண்டுச் சம்பள, வரி விவரப் படிவம்), இரண்டு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், நண்பரின் 12 மாதப் பதிவு, சீட்டு நோட்டின் நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மறுப்புக் கடிதம் மேலே இருக்கட்டும். கணவரையும் கூட்டிப் போங்கள், அந்த இரண்டு காரணங்களையும் அவரே வாசித்துக் காட்டட்டும்.